கார் உள்பக்க பிளாஸ்டிக்கில் கீறல்: எதற்குப் பெயிண்ட், எதற்கு வேண்டாம்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, பத்து வருஷத்துக் கார். டிக்கி ஓரம் முழுக்க வாழைத்தாரும் மூட்டையும் ஏற்றி வெள்ளை வெள்ளையாகக் கோடு. கியரைச் சுற்றி இருக்கும் சில்வர் கலர் பட்டையில் சாவியும் மோதிரமும் உரசிக் கீறல். டிரைவர் பக்கம் ஜன்னல் சுவிட்ச் இருக்கும் பகுதி கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து டக்கோ அடித்துவிடலாம் என்கிறார்கள். சரியா? இல்லை, நானே ஸ்ப்ரே டின் வாங்கி அடித்தால் நிற்குமா?”

மூன்று இடத்துக்கும் மூன்று பதில், தம்பி. டிக்கி ஓரத்துக்குப் பெயிண்ட் வேண்டாம். கியர் பட்டைக்குத் தாராளமாக அடிக்கலாம், நீங்களே அடிக்கலாம். சுவிட்ச் பகுதியில் இருப்பது கீறலே இல்லை, அதற்கு வேறு வைத்தியம்.

பட்டறையில் சொன்ன பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) டக்கோவும் (காரின் வெளிப்பக்கப் பெயிண்ட்) இரும்புத் தகட்டுக்கு ஏற்பட்டவை. பிளாஸ்டிக்குக்கும் அதே கையோடு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வண்டியை எடுக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும். அப்புறம் ஒரு கோடை வெக்கை பட்டதும் ஓரத்தில் நகம் படுகிற இடத்திலிருந்து பட்டை பட்டையாக உரியும். உரிந்ததற்கு மேல் மறுபடி அடிக்கவும் முடியாது, மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். பெயிண்ட் நல்ல கம்பெனியா, மலிவா என்பதெல்லாம் பிறகு. அடியில் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் டின்னைக் கையில் எடுக்கவே கூடாது.

அதைத் தெரிந்துகொள்வது ஒன்றும் பெரிய சோலி இல்லை. பேனலைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு கோண அடைப்புகளுக்கு நடுவில் ஆங்கில எழுத்து சின்னதாக அச்சில் வார்த்திருக்கும். ‘பிபி’ என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். அதோடு ‘டிடி 20’ என்று சேர்ந்திருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் கலந்தது என்று அர்த்தம். முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கிறதே, அதே கல்மாவுதான். ‘இபிடிஎம்’ என்று இருந்தால் ரப்பர் கலந்தது. ‘ஏபிஎஸ்’ என்றோ ‘பிசி’யும் ‘ஏபிஎஸ்’ஸும் சேர்ந்தோ இருந்தால் அது பெயிண்ட் பிடிக்கிற வேறு சாதி பிளாஸ்டிக். பெரும்பாலான வண்டிகளில் டிக்கி ஓரம், டோர் பேடின் (கதவின் உள்பக்க மூடி) கீழ்ப்பாதி, பில்லரை (கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்) மூடியிருக்கும் பட்டை எல்லாம் பிபி. ஏசி காற்று வரும் வாய், கியரைச் சுற்றிய சில்வர் பட்டை, சுவிட்ச் பகுதி எல்லாம் ஏபிஎஸ் வகை. ஆனாலும் மாடலுக்கு மாடல் மாறும், எழுத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் ஒரு துண்டு நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று சொல்வார்கள். பக்கெட், குடம் செய்கிற சுத்தமான பிபிக்கு அது சரி, தண்ணீரைவிட லேசானது. கார் பேனலில் இருபது பங்கு கல்மாவு கலந்திருப்பதால் எடை கூடி அதுவும் மூழ்கிவிடும். இந்தச் சோதனையை நம்பி ஏபிஎஸ் என்று நினைத்து அடித்தால் முடிந்தது கதை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிபி மேல் எதுவும் லேசில் ஒட்டாது. சேம்பிலையில் தண்ணீர் உருண்டு ஓடுகிற மாதிரி பெயிண்ட் அதன்மேல் சும்மா கிடக்குமே தவிரப் பிடிக்காது. அதனால்தான் பம்பர் செய்கிற கம்பெனிகளில் பெயிண்ட் அடிப்பதற்கு முன் தீ நாக்கை ஒரு கணம் மேலே ஓடவிட்டு மேற்பரப்பின் குணத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். (இதை வீட்டில் கேஸ் டார்ச்சை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம்.) நமக்கு இருக்கிற வழி அடீஷன் புரமோட்டர் என்கிற ஒட்டுப் பிரைமர். பெயிண்ட் கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்றால் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். டின்னில் பாலிபுரொப்பிலீனுக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் ஆகிற பிரைமரும் அதே பெயரில் விற்கிறது.

சரி, முதலில் டிக்கி.

அந்த வெள்ளைக் கோட்டில் பாதிக்கு மேல் உண்மையில் பள்ளமே இருக்காது. விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால், அது பிளாஸ்டிக் அழுந்தியதால் வந்த வெளுப்பு. உரசலில் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் பிளந்து, உள்ளே இருக்கும் கல்மாவும் வெளியே தெரிகிறது. வெளிச்சம் அதில் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. நிறம் எங்கும் போகவில்லை, பிளாஸ்டிக் உள்வரை ஒரே கருப்புதான். அதற்கு மேல் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை.

இதற்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் போதும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அழுக்கோடு சூடு காட்டினால் அழுக்கு உள்ளேயே பதிந்துவிடும். சூட்டைக் குறைந்த அளவில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மங்கி, சட்டென்று கருப்பு திரும்பும். திரும்பிய உடனே கன்னை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வினாடி காட்டினாலும் மேலே இருக்கும் தோல் மாதிரியான சொரசொரப்பு உருகி அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். பிபி உருகுவது சுமார் 160 டிகிரியில். ஹீட் கன் வாயில் வரும் காற்று அதைவிட வெகு சூடு. ஆகவே முதல் முயற்சியைப் பின்சீட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மூலையில் செய்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரில் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது, சூடு போதாது.

நகம் தடுக்கிற ஆழமான வெட்டு இருந்தால்? அதற்கும் பட்டி பார்க்காதீர்கள். பட்டி நிரம்பும், தேய்த்தால் மட்டமாகும், ஆனால் சுற்றிலும் சொரசொரப்பு, நடுவில் மொழுமொழுவென்று ஒரு திட்டு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்தத் திட்டு சாய்ந்த வெயிலில் தனியாகத் தெரியும். பாரம் ஏற்றும்போது பேனல் வளைந்தால் பட்டி விண்டும் போகும். அந்த ஒரு பேனலைப் பழைய பாகங்கள் விற்கும் காயலான் கடையில் தேடுங்கள். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய வண்டியில் டிக்கி பேனல் அப்படியே புதுசாக இருக்கும். என்னைக் கேட்டால் சொரசொரப்பான கருப்பு பேனலுக்கு, நிறத்தையே மாற்ற வேண்டும் என்ற ஆசை இருந்தாலொழிய, பெயிண்ட் அடிக்கவே தேவையில்லை. அப்புறம் டிக்கிக்குள் ஒரு தார்ப்பாயோ பழைய போர்வையோ விரித்து, தாரின் காம்பு ஓரத்தில் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி கியர் பட்டை. இதுதான் பெயிண்ட் அடிக்கத் தகுந்த சாமான். மொழுமொழுவென்று இருக்கும், சின்னது, கழற்றிக் கையில் வைத்து அடிக்கலாம், தொழிற்சாலையிலேயே ஏபிஎஸ் மேல் சில்வர் பெயிண்ட் அடித்து வந்ததுதான்.

கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், புதுக் கீறல்தான் மிச்சம். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் விற்கிறது. இல்லையென்றால் மூங்கில் சிம்பை நுனியில் சீவித் துணி சுற்றிக்கொண்டாலும் ஆகும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றினால் கிளிப் இளகியிருக்கும், உடையாது. அந்த வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன.

அடுத்தது கழுவுவது. பாதிப் பெயிண்ட் வேலை கெடுவது இங்கேதான். காரின் உள்பக்கத்தில் என்னவெல்லாம் படிகிறது என்று யோசித்துப் பாருங்கள்: தலை எண்ணெய், விபூதி, அல்வாப் பொட்டலத்து நெய், இவை எல்லாவற்றையும்விட மோசமாக வாட்டர் வாஷ் கடையில் பளபளப்புக்காகத் தடவிவிடுகிற டேஷ்போர்டு பாலீஷ். அதில் இருக்கும் சிலிக்கோன் கண்ணுக்குத் தெரியாது. பெயிண்ட் விழுந்ததும் அங்கங்கே வட்ட வட்டமாக விலகி, நடுவில் புள்ளி வைத்த குழிகள் விழும். எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் குழி மூடாது. ஆகவே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்து, அலசி, மறுபடியும் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). பாலீஷ் இருக்கும்போதே பேப்பர் போட்டால் சிலிக்கோனைக் கீறலுக்குள் நாமே திணிக்கிறோம்.

தண்ணீரிலும் ஒரு சங்கதி உண்டு. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும், பெயிண்ட் அந்தப் பூப்பின் மேல்தான் ஒட்டும். கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கீறலை 400 நம்பர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 600-இல் முடியுங்கள். பேப்பரை ஒரு ரப்பர் துண்டில் சுற்றிப் பிடித்தால் மட்டமாகத் தேயும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஓரங்களில் அழுத்தம் வேண்டாம், பழைய சில்வர் அங்கேதான் முதலில் விட்டுப்போகும். பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் முழுதும் எடுக்க வேண்டியதில்லை, பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் மங்கினால் போதும். நகம் தடுக்கிற கீறல் மிச்சமிருந்தால் இங்கே மட்டும் பட்டிக்கு அனுமதி உண்டு. பிளாஸ்டிக்குக்கு என்று விற்கும் வளையக்கூடிய பட்டி, மெல்லிசாக. தேய்த்து முடித்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலீஷ் அழிக்கும் அசிட்டோன் எதுவும் ஏபிஎஸ்ஸில் படக் கூடாது. அசிட்டோனோ தின்னரோ பட்டால் கரையும். பெட்ரோல் பட்ட இடம் மேலே ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு கிளிப் பக்கத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு விடும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

அடிக்கிற நேரம் பற்றி டின்னில் எழுதியிருப்பது நம் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. சித்திரை வைகாசியில் நடுப்பகலில் அடித்தால் பெயிண்ட் பட்டையில் போய் விழுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்து, தொட்டால் மணல் மாதிரி நெருடும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு வழியெல்லாம் காற்றாலையைச் சுற்றுகிற வேகத்தில் அடிக்கும். அப்போது முற்றத்தில் நின்று ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் பாதி பக்கத்து வீட்டுக்கு, அங்கத்துப் புழுதி பாதி நமக்கு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தின்னர் ஆவியாகிக் குளிரும் பரப்பில் காற்றின் ஈரம் இறங்கி, கருப்புப் பெயிண்ட் பால் ஊற்றியது போல் வெளுக்கும். மாசி பங்குனியில், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், மூன்று பக்கம் மறைப்புள்ள கார் ஷெட்டில் அடிப்பதுதான் நான் விரும்புவது. தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் புழுதி அடங்கும்.

ஷெட்டிலோ பக்கத்திலோ விளக்கு, கொசுவத்திச் சுருள் எதுவும் எரியக் கூடாது. டின்னுக்குள்ளிருந்து பெயிண்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. மிச்சமான டின்னைக் காருக்குள் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

டின்னை உள்ளே குண்டு கடகடவென்று சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். பட்டையிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, பட்டைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்து வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட்டில் அடியில் இருப்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும், இருக்கட்டும். ஒரே கோட்டில் மூடிவிட ஆசைப்பட்டால் வழியும். பத்து நிமிஷ இடைவெளியில் மெல்லிய கோட் மூன்று அடித்தால் மூடிவிடும். இதே வேலையைப் பிபி பேனலில் செய்வதானால் முதலில் ஒட்டுப் பிரைமர் ஒரு மெல்லிய கோட், அது முழுக்கக் காய்ந்து போவதற்கு முன், டின்னில் சொன்ன நேரத்துக்குள் பெயிண்ட். பிரைமர் அடித்துவிட்டு மறுநாள் பெயிண்ட் அடிக்கலாம் என்று வைத்தால் அடித்தும் அடிக்காத கணக்குத்தான். சொரசொரப்பான பரப்பில் வாட்டர் பேப்பரும் கூடாது, மேடுகள் தேய்ந்து மொட்டையாகும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் போகும்.

மேலே நிறமில்லாத கிளியர் கோட் கட்டாயம் உண்டு, கியர் பட்டையில் கை பட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பளபளப்பில்லாத மேட்டாகவோ அரை மேட்டாகவோ வாங்குங்கள். டேஷ்போர்டு மேற்பகுதிக்கு என்றால் முழு மேட் தவிர வேறு எதுவும் கூடாது. பளபளப்பாக இருந்தால் பகல் வெயிலில் முன்கண்ணாடியில் டேஷ்போர்டின் நிழலே எழுந்து நின்று ரோட்டை மறைக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே கிளியர் இதைவிட உறுதி என்பது உண்மைதான். ஆனால் அதன் புகையில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லை. அதை முறையான பூத் வைத்திருக்கும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்வதற்கு முன், பட்டையின் பின்பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு இதே வரிசையில் எல்லாவற்றையும் அடித்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் சில்வர் வந்தால் கழுவியதில் கோளாறு, அல்லது பிரைமரில் கோளாறு. முன்பக்கம் தப்பித்தது. பட்டறையில் கொடுத்துச் செய்தாலும் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்கிற பட்டறை என்றால் வேறு பட்டறை பார்க்கலாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கருப்பும் சில்வரும் பெரிய பிரச்சினை இல்லை. பீஜ் நிற உள்பக்கம் என்றால் பத்து வருஷ வெயிலில் அது புதிதாக இருந்த பீஜாக இருக்காது. டின்னில் வரும் பீஜ் எதுவும் அதோடு சேராது. கழற்றிய பேனலைக் கையோடு கொண்டுபோய், அதைப் பார்த்துக் கலக்கித் தரும் கடையில் வாங்குங்கள். ஒரு டோருக்கு அடித்தால் எதிர் டோருக்கும் அடித்துவிடுவதுதான் நல்லது.

அப்புறம் அந்தப் பிசுபிசுப்பு. தொட்டால் மெத்தென்று ரப்பர் மாதிரி இருக்கட்டும் என்று ஏபிஎஸ் மேல் பாலியூரித்தேன் பூச்சு ஒன்று அடித்து அனுப்புகிறார்கள். வெக்கையும் காற்றின் ஈரமும் கை வியர்வையும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதை உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும். உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். கழுவினால் போகாது, பவுடர் போட்டால் அன்றைக்கு மட்டும் சரியாகும், அதன் மேல் பெயிண்ட் அடித்தால் பெயிண்டும் சேர்ந்து பிசுபிசுக்கும். உரித்து எடுப்பது ஒன்றே வழி.

சுவிட்சுகளைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை அந்தப் பகுதி மேல் ஐந்து நிமிஷம் போட்டு வையுங்கள். பிறகு தேய்த்தால் கருப்புப் பிசின் உருண்டை உருண்டையாகத் துணியில் வரும். துணியை மாற்றி மாற்றித் தேய்த்தால் அடியில் கெட்டியான கருப்பு ஏபிஎஸ் மொழுமொழுவென்று வெளிப்படும். பல வண்டிகளில் அதுவே பார்க்க நன்றாக இருக்கும், அப்படியே மாட்டிவிடலாம். சுவிட்ச் பொத்தானிலும் பிசுபிசுப்பு இருந்தால் கவனம்: மேலே வரைந்திருக்கும் ஜன்னல் படமும் பூச்சோடு சேர்ந்து போய்விடும். படத்தைச் சுற்றி மட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுங்கள்.

எதற்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாத இடமும் இருக்கிறது. ஸ்டீயரிங் நடு மூடி, இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுதியிருக்கும் மூடி, ஜன்னல் ஓரம் திரை போல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் பில்லர் பட்டை. ஏர்பேக் விரியும்போது அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும் என்று உள்பக்கம் மெலிதாக்கி வைத்திருக்கிறார்கள். மேலே பெயிண்டும் பட்டியும் ஏறினால் கிழிகிற விதம் மாறும், காய்ந்த சில்லு முகத்தில் தெறிக்கும். அங்கே ஹீட் கன்னும் கொண்டுபோகாதீர்கள். கழற்றும்போது மஞ்சள் நிற வயரோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் லைன். பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது, பழக்கமில்லையென்றால் அந்த இடத்தை விட்டே விடுங்கள்.

அடித்த பட்டை தொடுவதற்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும், ஆனால் உள்வரை இறுக ஒரு வாரமாகும். அதுவரை அதன் மேல் போன் ஸ்டாண்ட், டபுள் டேப், பிள்ளையார் சிலை எதையும் ஒட்டாமல் இருங்கள். பாலீஷும் வேண்டாம். சுவிட்சுக்காக டோர் பேடையே கழற்ற நேர்ந்தால் உள்ளே கருப்புக் கோந்தில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழித்துவிட்டுச் சும்மா மூடாதீர்கள். கண்ணாடி வழியாக டோருக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான், சுற்றிலும் அழுத்தி ஒட்டிவிட்டுப் பேடை மாட்டுங்கள். உடைந்த கிளிப்புகளுக்குப் புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்ரோட்டில் டோர் கடகடவென்று பேசிக்கொண்டே வரும்.